குழி தோண்டாத கொட்டாய்

தங்கதுரையிடம் யாராவது ஒரு குடம் தண்ணீர் கேட்டால் கொடுத்துவிடுவார். கொடுத்த பிறகுதான் யோசிக்க ஆரம்பிப்பார். இவன் வீட்டில்தான் குழாய் இருக்கிறதே, நம்மிடம் ஏன் கேட்டான்? அந்த யோசனை அன்று முழுக்க அவரை விடாது. மற்றபடி நல்ல மனுஷர்தான். கெட்ட மனுஷர்கள் கேட்டவுடனே இல்லையென்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். இவருக்குக் கொடுக்கவும் மனசு உண்டு, கொடுத்ததை நினைத்துப் புழுங்கவும் மனசு உண்டு.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் அவருக்கு இரண்டரை ஏக்கர் இருந்தது. அப்பா விட்டுப்போன நிலம். முழங்கால் இரண்டும் பழுதான பிறகு அவர் அதில் இறங்கி வேலை பார்ப்பதில்லை. மகன் சரத்குமார் சென்னையில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கு மக்காச்சோளம் என்றால் தியேட்டரில் விற்கிற பண்டம். இத்தனை வருஷமாக அந்த நிலத்தை வாரத்துக்குப் பயிர் செய்துகொண்டிருந்தவன் முனியன். விளைவதில் பாதி அவனுக்கு, பாதி இவருக்கு. முனியன் இல்லாவிட்டால் அங்கே சீமைக்கருவேலம்தான் விளையும் என்பது தங்கதுரைக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்ததனாலேயே அவனைக் கண்டு அவருக்கு உள்ளூர ஒரு பயம். நிலம் என் பேரில், ஆனால் நிலத்துக்குத் தெரிந்த முகம் அவன் முகம். என்றைக்காவது ஒரு நாள் இவன் இது என்னுடையது என்று சொல்லிவிட்டால்?

அந்தச் சமயத்தில்தான் முனியனுக்குக் காலனியில் அரசாங்கத் திட்டத்தில் கான்கிரீட் வீடு வந்தது. வீடு வந்ததில் மாடு கட்ட இருந்த இடம் போய்விட்டது. ஒரு நாள் காலையில் வந்து வாசலோரம் நின்றான். தங்கதுரை கல்யாணத்துக்குச் சங்கராபுரம் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே என்னவென்று கேட்டார்.

"மாடு ரெண்டும் தெருவுல நின்னுக்கினு இருக்குதுங்கய்யா. நம்ம கயனியில பாறைக்கிட்ட பயிர் ஏறாத எடம் கெடக்குது பாருங்க, அங்க ஒரு கொட்டாய் போட்டுக்கட்டுங்களா? சாணியும் நெலத்துக்கே ஆவும்."

"போட்டுக்கோ, போட்டுக்கோ. இதுக்கெல்லாம் இன்னாத்துக்குக் கேட்டுக்கினு நிக்கற" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள்ளேயே, 'இதுக்கெல்லாம் ஏன் கேட்டான்' என்கிற யோசனை வந்துவிட்டது. இருந்தாலும் அவர் மனசில் இருந்தது நாலு மூங்கில், மேலே தென்னங்கீற்று. மழைக்கு நனையும், வெயிலுக்குக் காயும், இரண்டு வருஷத்தில் தானே விழுந்துவிடும். அதற்குப் போய் என்ன பயம் என்று மனசை அடக்கிக்கொண்டார்.

ஆனால் வந்து இறங்கியது மூங்கில் அல்ல. ஒரு டிராக்டர் டிப்பர் நிறைய மரம். ஆள் தொடை மொத்தத்துக்குக் கால்கள், நீள நீளமான உத்தரங்கள், கூரை தாங்குகிற கைமரங்கள். சேதி கேட்ட அன்றே தங்கதுரை வண்டியை எடுத்துக்கொண்டு போனார். முனியன் தனியாக உட்கார்ந்து ஒரு கம்பத்தின் தலையில் உளியால் துளை போட்டுக்கொண்டிருந்தான். சுற்றிலும் மரச்சீவல்.

"இன்னாடா முனியா, கோயில் கட்டறியா?"

முனியன் எழுந்து, தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். "மாட்டுக்குத்தானுங்க."

"இவ்ளோ மரம் ஏது?"

"சங்கராபுரத்துல ஒரு பழைய ஓட்டு வூட்ட இடிச்சோங்க. கூலிக்குப் பதிலா மரமா எடுத்துக்கறன்னு சொன்னேன். குடுத்துட்டாங்க."

உண்மைதான். பயிர் வேலை இல்லாத நாட்களில் பழைய வீடுகளை இடித்துத் தருகிற வேலைக்கு அவன் போவான். கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டாதவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்? ஆனாலும் தங்கதுரைக்கு மலை கண்ணெதிரே நின்றது. மலையில் காடு இருந்தது. காட்டுக்கு அதிகாரிகள் இருந்தார்கள். நாளைக்குக் காட்டு மரம் என்று ஜீப் வந்து நின்றால், நிலம் யார் பேரில் என்றுதானே முதலில் கேட்பார்கள்? அவர் குனிந்து ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்தார். பழைய ஆணி ஓட்டைகள் இருந்தன. ஒன்றில் சுண்ணாம்புகூட ஒட்டியிருந்தது. பழைய மரம்தான் என்று ஒத்துக்கொள்ளும்படி ஆனதில் அவருக்கு லேசாக ஏமாற்றம்.

"ஆளு வெச்சிக்கல? ஒன் மச்சினனுங்க யாரும் வரலயா?"

"வேணாங்க. நானே பாத்துக்கறேன்."

இந்தப் பதில்தான் அவர் நெஞ்சில் முள்ளாக ஏறியது. காலனியில் ஒருத்தன் கூரை போடுகிறான் என்றால் பத்துப் பேர் கூப்பிடாமலே வருவார்கள். கறி வாங்கிச் சோறு ஆக்கிப் போட்டால் பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிடும். அதுதான் வழக்கம். இந்தக் கனமான மரத்தை ஒண்டியாகத் தூக்கி நிறுத்துவேன் என்கிறான் என்றால், அந்தப் பத்துப் பேருக்கும் தெரியக்கூடாத ஏதோ ஒன்று இதில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

டீக்கடையில் ராமசாமியிடம் சொன்னார். ராமசாமியின் நிலம் இவர் நிலத்துக்கு அடுத்த நிலம். நடுவில் ஒரு வரப்புதான். அவன் கரும்பு போட்டிருந்தான். ஊரில் யார் வீட்டு அடுப்பு புகைந்தாலும் அதில் கொஞ்சம் ஊதிவிட்டுப் போகிற ஆள்.

"கீத்துக் கொட்டாயின்னா மாட்டுக்கு. மரக் கொட்டாயின்னா மனுசனுக்கு" என்றான் ராமசாமி. "எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குவான்னு சும்மாவா சொன்னாங்க? களமருதூர்ல எங்க சின்ன மாமனாரு கத தெரியுமில்ல? பம்பு செட்டுக்கிட்ட படுத்துக்கறன்னு கேட்டவன், அப்பறம் குத்தகைக்காரன்னு பதிஞ்சிக்கினு எறங்கவே மாட்டன்னுட்டான். கால் நட்டாச்சின்னா அவ்ளோதான். பொண்ணுக்குத் தாலி கட்டனா மாதிரி."

"அவன் நல்லவன்யா" என்றார் தங்கதுரை.

"நல்லவன்தான். கெட்டவனுக்குத்தான் நாம எடமே குடுக்க மாட்டோமே."

தங்கதுரை டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து மனைவி அமிர்தத்திடம் இதையே சொன்னார். அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அந்த ராமசாமிக்கு சின்ன மாமனாருன்னு ஒருத்தரு இருக்காரா? அவன் பொண்டாட்டிய எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். அவ அப்பாவுக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாது."

"பெரிய மாமனாரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு தங்கதுரை கையைக் கழுவப் போனார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த நேரத்தில் விளக்கை ஏற்றிக் காட்டுகிறவள் மேல்தான் கோபம் வரும்.

அதன்பிறகு அவர் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அடிக்கடி நிலத்துப் பக்கம் போனார். அப்படிப் போன ஒரு நாள் பாறையோரம் வரிசையாகக் கல் போட்டிருப்பதைக் கண்டார். ஆறு கல். நன்றாகக் கொத்தி, மேல் பக்கம் தட்டையாக்கி, கயிறு பிடித்த மாதிரி நேராக வைக்கப்பட்ட கற்கள். முனியன் அங்கே இல்லை. நிலத்தில் நேர்கோட்டில் கல் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்று ஐந்து தலைமுறையாக நம்பி வந்த குடும்பம் அது. அத்துக் கல்! இது வரைக்கும் உன்னுடையது, இதற்கு மேல் என்னுடையது என்று சொல்கிற கல். அவர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அடி வைத்து அளந்தார். முழங்கால் வலித்தது. மறுபடியும் அளந்தார்.

கால் நிறுத்துகிற நாளாவது ஏதாவது தெரியவரும் என்று எதிர்பார்த்தார். கோழிக்கூண்டு வைப்பவன்கூட முதல் காலில் மஞ்சள் தடவி, மாவிலையும் வேப்பிலையும் கட்டி, ஒரு தேங்காயாவது உடைப்பான். நிலத்துக்காரனைக் கூப்பிட்டு முதல் காலைத் தொடச் சொல்வான். முனியன் கூப்பிடவில்லை. தங்கதுரை போய்ப் பார்த்தபோது இரண்டு கால்கள் ஏற்கனவே நின்றன. மஞ்சள் இல்லை, இலை இல்லை, ஒரு சூடம் கொளுத்திய கரிகூட இல்லை.

"ஏன்டா, பூசை கீசை ஒண்ணும் போடலயா?"

"மாட்டுக் கொட்டாய்தானேங்கய்யா. அதுக்கு இன்னாத்துக்குங்க பூசை" என்று முனியன் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

சாமிக்குக்கூடத் தெரியாமல் கட்டுகிறான் என்று தங்கதுரை முடிவு கட்டினார். சாமி கும்பிட்டால் சாட்சி வைத்த மாதிரி ஆகிவிடுமே.

அடுத்த நாள் அவர் செய்த காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை. அறுபது வயதைத் தாண்டிய மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ராமசாமியின் கரும்புக்குள் புகுந்து, தோகை கையைக் கிழிக்க, தன் நிலத்தையே திருடன் மாதிரி ஒளிந்து பார்த்தார். முனியன் அன்று உத்தரம் ஏற்றிக்கொண்டிருந்தான். நாலு கால்கள் கல்லின் மேல் நின்றன. சாயாமல் இருக்க நாலா பக்கமும் முட்டுக் கொடுத்துக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தான். உத்தரம் இரண்டு ஆள் தூக்குகிற கனம். அவன் ஒரு முனையை மட்டும் தம் கட்டித் தூக்கி அடியில் கட்டை சொருகினான். பிறகு நடந்துபோய் மறுமுனையைத் தூக்கி அங்கே ஒரு கட்டை. மறுபடி இந்த முனை, மேலே இன்னொரு கட்டை. இப்படியே உத்தரம் அவன் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. தனக்குத்தானே "ஏய், நில்லு, நில்லு" என்று மரத்தோடு பேசிக்கொண்டான்.

தோள் உயரத்துக்கு வந்தபோது ஒரு கட்டை நழுவியது. உத்தரத்தின் முனை சறுக்கி முனியன் தோளில் உரசிக்கொண்டு இறங்க, அவன் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே விடவும் முடியவில்லை, மேலே தூக்கவும் முடியவில்லை. தங்கதுரை பதறி ஒரு அடி முன்னால் வைத்தார். வைத்த காலை உடனே பின்னால் எடுத்தார். இப்போது வெளியே போனால், கரும்புக்குள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவன் நினைப்பானே! அவர் தோகையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முனியன் எப்படியோ முழங்காலைக் கொடுத்து, காலால் கட்டையை இழுத்துவைத்து, மரத்தை அதன்மேல் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். தோளில் ரத்தம் கசிந்தது. தங்கதுரைக்கு வெட்கமாக இருந்தது. கரும்பிலிருந்து வெளியே வந்து வீடு சேர்வதற்குள் அந்த வெட்கமே கோபமாக மாறிவிட்டது. ஒரு மனுஷனை இப்படி ஒளிந்து பார்க்கும்படி செய்கிறானே, அவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும்!

மகனுக்கு போன் போட்டார். சரத்குமார் எதையோ மென்றுகொண்டே பேசினான். "அப்பா, ரிஸ்க் எடுக்காதீங்க. ஒரு ஸ்ட்ரக்சர் வந்துடிச்சின்னா காலி பண்ண வெக்கறது கஷ்டம். கூரை போடறதுக்கு முன்னாடி எடுக்கச் சொல்லிடுங்க." நிலத்தில் எந்தப் பக்கம் பாறை இருக்கிறது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஸ்ட்ரக்சர் என்ற சொல் தங்கதுரையை நன்றாகவே பிடித்துக்கொண்டது.

அப்படியும் இப்படியுமாகச் சில வாரங்களைத் தள்ளிவிட்டு, ஒரு நாள் காலையில் ராமசாமியையும் கூட்டிக்கொண்டு போனார். தனியாகப் போனால் வாய் வராது என்று அவருக்கே தெரியும். முனியனின் மனைவி கொளஞ்சியம்மாள் அப்போதுதான் சோறு கொண்டுவந்து வைத்திருந்தாள். கொட்டாய்க்கு மரச்சட்டம் முழுக்க நின்றிருந்தது: ஆறு கால், மேலே உத்தரங்கள், நடுவே முகட்டு வளை, இரு பக்கமும் கைமரங்கள். கூரை மட்டும்தான் பாக்கி. ஒண்டி ஆள் நிறுத்தியது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்புவது என்பது எப்போதுமே தங்கதுரைக்குக் கொஞ்சம் கம்மிதான்.

"முனியா, இத எடுத்துடு" என்றார், கல்லைப் பார்த்துக்கொண்டே.

"எதுங்கய்யா?"

"கொட்டாய. நான் கீத்துக் கொட்டாயின்னு நெனச்சி சொன்னது. இந்த மாதிரி நெலையா கட்டறதுக்கு நான் சொல்லல."

ராமசாமி பக்கத்திலிருந்து, "நாளைக்கு எதுனா பேச்சி வந்துடக் கூடாது பாரு, அதுக்கோசரம் சொல்றாரு" என்று எடுத்துக் கொடுத்தான்.

முனியன் மேலே நின்ற கைமரங்களை ஒரு தடவை பார்த்தான். கெஞ்சுவான் என்று தங்கதுரை எதிர்பார்த்தார். சண்டைக்கு வருவான் என்றும் எதிர்பார்த்தார். இரண்டுக்குமே பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். முனியன், "சரிங்க" என்றான். சோற்றுத் தூக்கைத் தள்ளிவைத்துவிட்டு மரச்சுத்தியலான கொட்டாப்புளியை எடுத்தான். முதல் கைமரத்தின் இணைப்பில் இருந்த மூங்கில் ஆணியைப் பின்பக்கத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டினான். ஆணி முளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த ஆணி. அடுத்தது. கைமரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. தங்கதுரை பார்த்துக்கொண்டே இருக்க, மாதக்கணக்கில் ஏறியது உச்சி வெயில் வருவதற்குள் இறங்கிவிட்டது.

கடைசியில் கால்கள். முட்டுகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு காலையும் அணைத்துச் சாய்த்துப் படுக்க வைத்தான். குழி இல்லை. எந்தக் காலும் மண்ணுக்குள் ஒரு விரல்கடைகூடப் போயிருக்கவில்லை. எல்லாம் கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தவை. கல்லையும் புரட்டினான். அடியில் வெளுத்துப்போன புல் இருந்தது.

தங்கதுரை குனிந்து அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தார். "ஏன்டா, குழியே தோண்டலயா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"தோண்டனா உங்களுக்கு மனசு கஷ்டமாப் பூடும்னுதான். கழட்டற மாதிரி போட்டா, நீங்க எடுன்னு சொன்ன அன்னிக்கி எடுத்துக்கலாம் பாருங்க. ஆளு கூப்பிட்டா, முனியன் கயனியில குடி பூந்துட்டான்னு பேச்சி வரும். பூசை போட்டா சொந்த எடத்துல போடறா மாதிரி ஆயிடும். அதான் ஒண்ணும் வாணான்னு நானே ஒண்டியா பண்ணேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

முனியன் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தான். "சொல்லியிருந்தா, இவன் இவ்ளோ தூரம் யோசிச்சி வெச்சிருக்கானே, வேற இன்னாலாம் யோசிச்சி வெச்சிருக்கானோன்னு நெனச்சிருப்பீங்க."

அது பொய் என்று சொல்ல தங்கதுரை வாயைத் திறந்தார். அது பொய் இல்லை என்பதால் மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் அவர்தான் இவனைச் சந்தேகக் கண்ணோடு பார்த்ததாக நினைத்திருந்தார். இவனும் அவரை அதே அளவுக்குப் பார்த்து வைத்திருக்கிறான். ஒரு குழி கூடத் தோண்டாத அளவுக்கு அவரைத் தெரிந்துவைத்திருக்கிறான்.

"சரி வுடு. கட்டனது கட்டனதா இருக்கட்டும். திருப்பி நிறுத்திக்கோ" என்றார்.

கொளஞ்சியம்மாள் தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ஒடம்புல தெம்பு இல்லைங்க. தோளு வீங்கிக் கெடக்குது."

"சோளம் அறுத்துக் குடுத்துடறங்க. அதுக்கப்புறம் கயனிய வேற யாருக்காச்சும் குடுத்துக்கோங்க" என்றான் முனியன்.

சொன்னபடியே அறுத்துக் கொடுத்தான். பாதியை மூட்டை பிடித்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு தங்கதுரை வாரத்துக்கு ஆள் தேடாத இடமில்லை. இளவட்டங்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் நிலம் எது என்று கேட்டார்கள். பாறைக்கிட்ட முனியன் பார்த்துக்கொண்டிருந்த நிலம் என்றதும் தலையைச் சொறிந்துகொண்டு, பிறகு சொல்கிறேன் என்றார்கள். பிறகு யாரும் சொல்லவில்லை. ஆடியில் விதைக்காத நிலம் ஆவணியில் பச்சைப் பசேலென்று இருந்தது. அத்தனையும் களை.

"நெலம் எங்கயும் போவல பாருங்க, அங்கயேதான் கெடக்குது" என்றாள் அமிர்தம்.

முனியனின் மரங்களைப் பாறையோரத்திலிருந்து ஏற்றிப்போன டிராக்டர் யாருடையது என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ராமசாமியுடையது. கரும்பு வெட்டு முடிந்த நிலத்தை ராமசாமி முனியனுக்கே வாரத்துக்கு விட்டிருந்தான். கொட்டாய்க்கும் இடம் கொடுத்திருந்தான். தங்கதுரை டீக்கடையில் அவனைப் பிடித்துக்கொண்டார். குட்டையைக் குழப்பி மீன் பிடித்தவன் அவன் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"யோவ், கால் நட்டா அவ்ளோதான்னு நீதான சொன்ன?"

"ஒனக்குச் சொன்னேன். நீ ஏமாளி. நான் கண்ணு வெச்சிக்குவேன்" என்று கூசாமல் சொல்லிவிட்டு ராமசாமி வடையைக் கடித்தான்.

கண் வைத்துக்கொள்கிறவனுக்குத் தூக்கம் ஏது? புரட்டாசி பிறப்பதற்குள் ராமசாமியின் முகம் வாடிவிட்டது. ஒரு நாள் மதியம் கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தங்கதுரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏம்ப்பா தங்கதுர, அவன் ஒரு மாதிரியான ஆளா? நானே நாலு ஆளு அனுப்பறேன்டான்னாலும் வாணான்றான். ஒண்டியாவே கட்டிக்கினு கெடக்கறான். ஒங்கிட்ட இருந்தப்ப எதுனா தில்லுமுல்லு பண்ணானா? மறைக்காம சொல்லு."

தங்கதுரை டம்ளரைக் கீழே வைத்தார். அந்த நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஆமாம்ப்பா, எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுகூட வேண்டாம், பதில் சொல்லாமல் பெருமூச்சு ஒன்று விட்டாலே போதும். நாளைக்கே ராமசாமி அவனை எடுக்கச் சொல்லிவிடுவான். போக்கிடம் இல்லாமல் முனியன் திரும்ப இவர் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். களை பிடித்துக் கிடக்கிற நிலம் மறுபடி நிலமாகும். ஆசை அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் அதை மென்று விழுங்கினார். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியத்தை அவர் செய்ததில்லை.

"அவன மாதிரி ஒரு ஆளு ஒனக்குக் கெடைக்க மாட்டான்யா. ஒண்டியா கட்டறது ஒனக்குப் பேச்சி வரக்கூடாதுன்னுதான். நான்தான் புத்தியில்லாம அனுப்பிட்டேன். நீ அந்தத் தப்ப பண்ணாத" என்றார். சொன்னதும் நெஞ்சு லேசானது. சந்தேகம் இல்லாமல் ஒரு மனுஷனைப் பற்றிப் பேசுவது இவ்வளவு சுகமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ராமசாமி அவரை உற்றுப் பார்த்தான். கண் மெல்லச் சுருங்கியது.

"அன்னிக்கி எடுறான்னு சொல்றதுக்கு என்னக் கூட்டிக்கினு போன. இன்னிக்கி தங்கம்ன்ற. நடுவுல இன்னா நடந்துச்சி?"

"ஒண்ணும் நடக்கல. புத்தி வந்துச்சி."

"அவன திருப்பி இஸ்துக்கத்தான இந்தப் பேச்சி? இல்ல ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு என் கயனியில கொண்டாந்து வுட்டீங்களா?"

"என் புள்ள மேல சத்தியமா இல்லைய்யா."

"இதுக்குப் போயி புள்ள மேல சத்தியம் பண்ற பாரு, அதான் எனக்கு ஒதைக்குது" என்று சொல்லிவிட்டு ராமசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோனான்.

தங்கதுரை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லி, அது உண்மையாக இருந்தும், ஒருத்தன் நம்பாமல் போவது எப்படியிருக்கும் என்று அவர் அதுவரை அறிந்ததில்லை. உடம்பெல்லாம் கூசியது. முனியனிடம் போய் எச்சரிக்க வேண்டும் என்று தோன்றியது. வண்டியை எடுத்தார்.

வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார். ராமசாமி நிலத்து மேட்டில் அதே கற்கள், அதே கால்கள். மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் ஏற்றிவிட வேண்டும் என்று முனியன் கடைசி உத்தரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு முனை மேலே கட்டையடுக்கில் இருந்தது. மறுமுனையைத் தூக்க வேண்டும். தோள் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது. இடது கையாலேயே பிடித்தான். தூக்கினான், முடியவில்லை, வைத்தான்.

தங்கதுரை ஒன்றும் யோசிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அவனுக்குப் பக்கத்தில் குனிந்து மரத்தைப் பிடித்தார். முழங்கால் சுளீரென்றது. இரண்டு பேர் கையில் அது எளிதாகத்தான் எழும்பியது.

"அய்யா, கீழ வெச்சிடுங்க" என்றான் முனியன்.

"இருக்கட்டும்ப்பா. சும்மா ஒரு கை."

"வாணாங்க. ஏற்கனவே அவரு ஒரு மாதிரியா பாத்துக்கினு இருக்காரு. நீங்க இங்க நிக்கறத பாத்தாருன்னா அவ்ளோதான்."

"பாத்தா பாக்கட்டும். நான் அவங்கிட்ட ஒன்னப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லிட்டு வரேன்."

முனியனின் முகம் மாறியது. "சொல்லிட்டீங்களா?" என்றான் மெதுவாக. பிறகு வரப்புப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"தப்பா நெனச்சிக்காதீங்கய்யா. அவர வுடுங்க. நீங்க இன்னாத்துக்கு இதெல்லாம் செய்யறீங்கன்னு எனக்கே பயமா இருக்குது."

தங்கதுரை அவன் கண்ணைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. பழி வாங்குகிற சந்தோஷமும் இல்லை. இவரிடம் யாராவது ஒரு குடம் தண்ணீர் கேட்டால் இவர் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான் இருந்தது. சும்மாதான் வந்தேன், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்ல நினைத்தார். எப்படிச் சொன்னாலும் அது வேறு ஏதோ இருப்பது மாதிரியே கேட்கும் என்று தோன்றியதால் சொல்லவில்லை.

உத்தரத்தின் முனையைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கி வைத்தார். கையில் ஒட்டியிருந்த மரத்தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவர் வரப்பைத் தாண்டித் தன் நிலத்துக்குள் இறங்குகிற வரைக்கும் முனியன் அந்த மரத்தைத் தொடவில்லை.